கப்பல் வராத ஊரிலிருந்து ஒரு கேள்வி

அஜந்தா ஓவியத்திலிருந்து இறங்கி வந்த கப்பல் மஸ்கட் போய்ச் சேர்ந்தது. பழைய கப்பல்களை மறுபடி கட்டிவிடலாம். அவை உள்ளே வர ஒரு நீர்வழி வேண்டுமே!

2026 போகிப் பண்டிகை அன்று சித்தூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு கப்பல் வந்தது, தொலைக்காட்சியில். வாசலில் பழைய பாயையும் உடைந்த முறத்தையும் கொளுத்திவிட்டு, சட்டையெல்லாம் புகை வாசத்தோடு வந்து உட்கார்ந்த என் அக்கா மகன் கண்ணை எடுக்காமல் பார்த்தான். சதுரப் பாய்கள் விரிய, மஸ்கட் துறைமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா.

"மாமா, இது நம்ம ஊருக்கு வருமா?"

அவன் அம்மா சிரித்துவிட்டாள். சித்தூருக்குக் கப்பலா! நீவா நதியில் மழைக்காலத்தில் கொஞ்சம் தண்ணீர் ஓடினாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் இது. பக்கத்தில் திருப்பதியில் மிதப்பதைப் பார்க்க வேண்டுமானால் தெப்போற்சவத்துக்குக் காத்திருக்க வேண்டும். அந்தத் திருப்பதியைத் தொட்டுக்கொண்டு காளஹஸ்திக்குப் போகும் ஸ்வர்ணமுகி, அதாவது தமிழர்களின் பொன்முகலி, வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் மணல்தான்.

நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி அப்படியொன்றும் அசட்டுக் கேள்வி இல்லை என்பது இரவு படுத்த பிறகு உறைத்தது. கடலுக்காகக் கட்டப்பட்ட பழங்காலக் கப்பல்களின் மறுவடிவங்கள் ஆற்றிலும் கால்வாயிலும் ஏறி, கடலையே பார்க்காத ஊர்களின் வாசலுக்குப் போயிருக்கின்றன. ஒரு முறையல்ல, பல முறை.

முதலில் கௌண்டின்யா. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அஜந்தா ஓவியம் ஒன்றில் ஒரு கப்பல் இருக்கிறது. அதை நிஜமாக்குவது என்று 2023 ஜூலையில் மத்திய கலாசார அமைச்சகம், கடற்படை, கோவாவின் ஹோடி இன்னோவேஷன்ஸ் நிறுவனம் மூன்றும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பொருளாதார அறிஞர் சஞ்சீவ் சன்யால் இந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர். வேலை நடந்த இடம் மாண்டவி ஆற்றின் நடுவே இருக்கும் திவார் தீவு. கேரளத்துத் தச்சர் பாபு சங்கரனின் தலைமையில் பலகையோடு பலகை சேர்த்து, துளையிட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தார்கள். ஆணி அடிக்கவில்லை. இடைவெளிகளை நாரும் இயற்கைப் பிசினும் அடைத்தன. பாயில் கண்டபேருண்டமும் சூரியனும். முகப்பில் நம் கோயில் தூண்களில் பார்க்கிற யாளி. 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. டிசம்பர் 29-இல் போர்பந்தரிலிருந்து இஞ்சின் இல்லாமல் புறப்பட்டு, போகியன்று மஸ்கட்.

கடற்பயணத்துக்காகப் பிறந்த கப்பல் முதலில் தொட்டது ஆற்றுத் தண்ணீரை என்பதைக் கவனியுங்கள். பெயருக்குரிய கௌண்டின்யனும் அப்படித்தான். கடல் தாண்டிப் போய், மீகாங் ஆற்று முகத்தில் சோமா என்ற அரசியை மணந்து ஃபூனான் அரசைத் தொடங்கினான் என்பது கதை. அந்த அரசின் துறைமுகம் என்று கருதப்படும் ஓக் ஏயோ இன்று வியட்நாமில், கடலிலிருந்து உள்ளே தள்ளி வயல்களுக்கு நடுவில் கிடக்கிறது. 20-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில்தான் அதன் கால்வாய்க் கோடுகள் தெரியவந்தன. அந்தக் காலத்துக் கப்பலுக்குக் கடல் ஒரு பாதி. ஊருக்குள் கொண்டுபோய் விடும் நீர்வழி மறு பாதி.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் ஒரு சின்ன விலகல். 'ரெப்ளிகா' என்பதற்கு 'நகல்' என்று போட எனக்கு மனம் வரவில்லை. நகல் எடுக்க மூலம் வேண்டும். கௌண்டின்யாவுக்கு மூலம் கிடையாது, வரைபடம் கிடையாது, சுவரில் ஓர் ஓவியம் மட்டும். ஓவியனோ கப்பல் தச்சன் அல்ல. உள்ளே என்ன இருந்தது, அடிப்பாகம் எப்படி இருந்தது என்பதையெல்லாம் ஊகித்து, சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையில் மாதிரியை வைத்துச் சோதித்து, பிறகுதான் கட்டினார்கள். தொலைந்துபோன ஒரு நூலை அதன் அட்டைப் படத்தைப் பார்த்து மறுபடி எழுதுவது மாதிரி. எனவே மறுவடிவம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்த மாதிரி கப்பல்கள் உள்நாட்டுக்குள் போன கதைகளில் எனக்குப் பிடித்தது 1893-இல் நடந்தது. நார்வேயில் கோக்ஸ்டாட் என்ற இடத்தில் ஒரு மண்மேட்டுக்கு அடியில் 1880-இல் ஆயிரம் வருஷத்துக்கு முற்பட்ட வைக்கிங் கப்பல் ஒன்று கிடைத்தது. மாக்னஸ் ஆண்டர்சன் என்ற மாலுமி அதேபோல் ஒன்றைக் கட்டி, 'வைக்கிங்' என்று பெயரிட்டு, திறந்த மேல்தளத்தோடு அட்லாண்டிக்கைக் கடந்தார். போக வேண்டிய இடம் சிகாகோ. கொலம்பஸ் நினைவாக அங்கே உலகப் பொருட்காட்சி. 'உங்கள் கொலம்பஸுக்கு முன்பே எங்கள் ஆட்கள் வந்துவிட்டார்கள்' என்று வீட்டு வாசலிலேயே போய்ச் சொல்கிற குறும்பு. சிகாகோவோ கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம் உள்ளே. நியூயார்க்கிலிருந்து ஹட்சன் ஆற்றில் ஏறி, 1825-இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாயில் நுழைந்து, பெரிய ஏரிகளைக் கடந்து ஜூலையில் சிகாகோ சேர்ந்தது வைக்கிங். அதே பொருட்காட்சியை ஒட்டிய சர்வ சமய மாநாட்டுக்காக அதே ஜூலை மாதம் நம் விவேகானந்தரும் அந்த நகரத்தில் வந்து இறங்கினார்.

பொருட்காட்சி முடிந்ததும் அந்தக் கப்பல் மிசிசிப்பி ஆற்று வழியாக நியூ ஆர்லியன்ஸ் வரை போய்த் திரும்பியது. இன்று இல்லினாய் மாநிலத்தின் ஜெனீவா என்ற சிற்றூரில் ஒரு கூரைக்கடியில் நிற்கிறது. மறுவடிவத்துக்கே 130 வயது தாண்டிவிட்டது; அதைக் காப்பாற்றுவதற்கே ஓர் ஆர்வலர் குழு இருக்கிறது.

அதற்குப் பிறகு பலர் வந்தார்கள். பிரேசிலில் கைக்கருவிகளாலேயே கட்டப்பட்ட கொலம்பஸின் 'நீன்யா' பல வருஷங்கள் ஒஹியோ, டென்னசி, மிசிசிப்பி ஆறுகளில் ஊர் ஊராகப் போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஏறிப் பார்த்தார்கள். கொலம்பஸ் ஒஹியோ ஆற்றைக் கனவிலும் கண்டதில்லை. அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கு அந்தப் பாயைப் பார்த்ததும் வேறு நினைவுதான் வரும். திருவிழாத் தேர் மாதிரி கப்பலை இழுத்துக்கொண்டு போவதில் இந்த ஆபத்து உண்டு: எந்தச் சரித்திரம், யாருடைய சரித்திரம் என்ற கேள்வி கரையிலேயே நின்றுவிடும்.

பணமும் ஒரு கேள்வி. 2016-இல் 'ட்ராகன் ஹரால்ட்' என்ற பெரிய வைக்கிங் வடிவம் அமெரிக்காவின் ஏரிகளுக்குள் வந்தபோது, வழிகாட்டி மாலுமியை ஏற்றிக்கொள்ளாமல் போகக்கூடாது என்று விதி குறுக்கே வந்தது. அதற்கான கட்டணம் 4 லட்சம் டாலர் வரை ஆகும் என்று கணக்குச் சொன்னார்கள். நார்வே வம்சாவளியினர் நன்கொடை திரட்டினார்கள். போகவிருந்த ஊர்கள் சில பட்டியலிலிருந்து கழன்றன. ஆயினும் கப்பல் சிகாகோ போனது, பிறகு நியூயார்க் மாநிலக் கால்வாய் வழியாகக் கடலுக்குத் திரும்பியது. இதில் நமக்கு உறைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1893-இல் போன வழியில் 2016-லும் போக முடிந்தது. கால்வாயைப் பல முறை மாற்றிக் கட்டினார்கள், ஆழப்படுத்தினார்கள், ஆனால் மூடிவிடவில்லை.

ஆசியாவிலும் உதாரணம் இருக்கிறது, அதில் நம்மவர்களின் கையும் இருக்கிறது. பிரிட்டிஷ் எழுத்தாளர் டிம் செவரின், சிந்துபாத் கதைகளைத் துரத்திக்கொண்டு, ஓமனில் 'சோஹர்' என்ற கப்பலைக் கட்டினார். மரம் மலபாரிலிருந்து, தைத்த கைகள் லட்சத்தீவிலிருந்து, கயிறு மட்டும் சுமார் 640 கிலோமீட்டர் நீளம். 1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து கிளம்பி, கேரளக் கரை, இலங்கை, சிங்கப்பூர் என்று தொட்டுக்கொண்டு, 1981 ஜூலையில் முத்து ஆற்றில் ஏறி சீனாவின் கான்டன் நகரத்தை அடைந்தது. பிறகு 2010-இல் ஓமன் சிங்கப்பூருக்குப் பரிசளித்த 'ஜூவல் ஆஃப் மஸ்கட்' வந்தது. அதைத் தைத்த குழுவில் முன்னே நின்றவர் இதே பாபு சங்கரன்தான். அரபுக் கப்பலானாலும் அஜந்தாக் கப்பலானாலும் கயிறு இழுக்கக் கேரளத்து ஆள் வேண்டியிருக்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கும் கப்பலுக்கும் சம்பந்தமே இல்லை என்று என் அக்கா நினைப்பது போலத்தான் பலரும் நினைக்கிறார்கள். திருப்பதியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் சந்திரகிரிக் கோட்டை இருக்கிறது. தலிக்கோட்டைப் போருக்குப் பிறகு தெற்கே நகர்ந்த விஜயநகர அரசர்கள் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று இருந்து ஆண்டார்கள். சுற்றிலும் பாறை மலை. கடல் வாடைகூட எட்டாது. ஆனால் சோழமண்டலக் கரையில் வெள்ளைக்காரக் கப்பல் நங்கூரம் போட வேண்டுமானால் இந்த மலைக்கோட்டை ராஜாக்களின் தயவு வேண்டும். 1610-இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் காலூன்றியது இரண்டாம் வேங்கடரின் அனுமதியால். 1639-இல் ஆங்கிலேயருக்கு மெட்ராஸ் மணல்திட்டைக் கொடுத்த தாமர்ல வேங்கடப்ப நாயக்கர், சந்திரகிரி ராயருக்கு அடங்கியவர்.

மெட்ராஸுக்கு முன்பு அந்த ஆங்கிலேயர்கள் எங்கே இருந்தார்கள்? பழவேற்காடு ஏரிக்கு வடக்கே துர்கராஜப்பட்டினத்தில். 1626-இல் அங்கே ஒரு கிட்டங்கியும் சிறு கோட்டையும் போட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆர்மகான்'. இடம் பிடிக்க உதவிய ஆறுமுக முதலியாரின் பெயர்தான் ஆங்கில வாயில் அப்படி ஆயிற்று என்று சொல்வார்கள். ஒரு தமிழரின் பெயர், தெலுங்கு ஊரில், கடல் வரைபடத்தில் வெள்ளைக்காரன் உச்சரிப்பில். எங்கள் எல்லைப்புறத்தின் சரித்திரம் முழுவதும் இந்த மாதிரிதான். 2014 மாநிலப் பிரிவினைச் சட்டம் இதே துர்கராஜப்பட்டினத்தில் பெரிய துறைமுகம் வரும், முதல் கட்டம் 2018-க்குள் முடியும் என்று சொன்னது. முடியவில்லை.

பழைய மாவட்டக் கணக்கில் இந்தக் கரை நெல்லூருக்குச் சொந்தம். 2022-இல் ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்து அடுக்கியபோது, தடா, சூளூர்ப்பேட்டை, ஸ்ரீஹரிகோட்டா எல்லாம் புதிய திருப்பதி மாவட்டத்துக்கு வந்தன. ஏழுமலையான் ஊருக்கு ஒரே கையெழுத்தில் கடற்கரையும், பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும், ராக்கெட் தளமும் கிடைத்துவிட்டன. கூடவே ஒரு கால்வாயும் கிடைத்தது. அதைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை.

பக்கிங்காம் கால்வாய் என்றால் சென்னைக்காரர்களுக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். ஆனால் அது ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து தமிழ்நாட்டின் மரக்காணம் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கி, துண்டு துண்டாக வடக்கே நீண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வேலை செய்தவர்கள் வெட்டியதுதான் சென்னை நகரத்துக்குள் அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி. பஞ்சத்தில் செத்தவர்கள் பெயரை வைக்காமல் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள்.

இந்தக் கால்வாயில் பாய்மரப் படகுகள் ஓடின. காற்று இருந்தால் பாய்; இல்லாவிட்டால் மூங்கில் கழி ஊன்றித் தள்ளுவது; அதுவும் போதாவிட்டால் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் மாட்டி இழுத்துக்கொண்டு நடப்பது. நீர்மட்டம் மாறும் இடங்களில் 'லாக்' கதவுகள்: படகை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ மறுபக்கம் விடும் ஏற்பாடு. ஸ்ரீஹரிகோட்டா தீவின் காட்டு விறகு இந்த வழியாகத்தான் சென்னை அடுப்புகளுக்குப் போனது. நெல் போனது, உப்பு போனது. சென்னை பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் 'சால்ட் கோட்டர்ஸ்' என்று ரயில்வே சரக்கு நிலையம் இருக்கிறதே, அது உப்புக் கொட்டாரம்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971-இல் முதல் ராக்கெட் கிளம்பியது. அதற்கு முன் அந்தத் தீவு உலகத்துக்கு அனுப்பியது விறகு.

ரயிலும் லாரியும் வந்தன, 1960-களிலும் 70-களிலும் அடித்த புயல்கள் கரைகளை உடைத்தன, தூர் சேர்ந்தது. சென்னைக்குள் 1990-களில் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாயிலேயே இறக்கினார்கள். 2008-இல் இதைக் கோதாவரி, கிருஷ்ணாவோடு சேர்த்துத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். எண் கொடுத்ததும் தண்ணீர் வந்துவிடுமா என்ன?

பொங்கல் கழிந்த வாரம் தடாவுக்குப் போனேன். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் பீமுனிவாரிபாலெம் படகுத்துறை. ஜனவரியில் பூநாரைத் திருவிழா சமயம் சுற்றுலாக் கூட்டம் வரும் இடம். நான் போனபோது மீனவர்கள்தான் இருந்தார்கள். மோட்டார் படகில் ஏற்றிக்கொண்டு போனவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. கரையிலிருந்து நன்றாக உள்ளே போன பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்றார். தண்ணீர் அவர் தொடையைத் தாண்டவில்லை.

"கப்பல் வருமா அண்ணா இங்கே?" என்று கேட்டேன், அக்கா மகன் கேட்ட மாதிரியே.

"எங்க படகே தட்டுது சார்" என்றார்.

கணக்கு எளிது. கௌண்டின்யா மிதக்க மூன்று மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள முகத்துவாரங்கள் மணலால் அடைபடுகின்றன. வடக்கே ராயதொருவு முகத்துவாரத்தைத் தோண்டித் திறக்கச் சொல்லி ஆந்திர மீனவர்கள் பல வருஷங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சூளூர்ப்பேட்டையிலிருந்து ராக்கெட் தளத்துக்குப் போகும் சாலை வேறு ஏரியைக் குறுக்கே வெட்டி நீரோட்டத்தைக் கட்டிப்போட்டிருக்கிறது. மீன் குறைவது பற்றி அவர் சொன்னதைவிட, மீன் குஞ்சு உள்ளே வர வழி இல்லை என்று கையை விரித்துக் காட்டிய விதம்தான் மனதில் நின்றது. கப்பலுக்கு அடைபட்ட அதே வாசல்தான் இறாலுக்கும் அடைபட்டிருக்கிறது.

அங்கே நின்றபோது ஒன்று பட்டது. கௌண்டின்யாவை இங்கே கொண்டுவர ஆசைப்படுவதே தவறு. அது கடலின் பிள்ளை. இந்தத் தண்ணீருக்கென்று பிறந்தது தட்டை அடியுள்ள கால்வாய்ப் படகு. அதைத்தான் ஒரு முறை திரும்பக் கட்ட வேண்டும். இதே கரையில் மசூலா படகு என்று ஒன்று இருந்தது. கௌண்டின்யாவைப் போலவே நார்க் கயிற்றால் தைத்தது. மெட்ராஸில் துறைமுகம் வருமுன் கவர்னர்களையே அலைக்கு மேலாகக் கரை சேர்த்தது அந்தத் தையல்தான். சாதவாகனர்கள் இரட்டைப் பாய்மரக் கப்பலை ஈயக் காசில் பொறித்த கரை இது. அந்தக் காசுகளை மியூசியத்தில் வைத்திருக்கிறோம். விறகுப் படகுக்குக் காசும் கிடையாது, ஓவியமும் கிடையாது. ராஜாக்களின் கப்பலுக்கு அரசாங்கம் மூன்று கையெழுத்து போடுகிறது. விறகு ஏற்றிய படகுக்கு ஒன்றுகூட இல்லை.

ஒரு படகைக் கட்டினால், அதை விட ஒரு பத்துக் கிலோமீட்டராவது கால்வாயைத் தூர் வார வேண்டியிருக்கும். ஒரு லாக் கதவையாவது பழுதுபார்க்க வேண்டியிருக்கும். 2004 சுனாமியின்போது இந்தக் கால்வாய்தான் பல இடங்களில் அலையை வாங்கிக்கொண்டு ஊரைக் காத்தது என்பதால், தூர் வாரிய பணம் வீண் என்று எந்த அதிகாரியும் எழுத முடியாது.

திரும்பும்போது படகுக்காரர் டீ குடிக்க வீட்டுக்குக் கூப்பிட்டார். அவருடைய அப்பா கால்வாயில் பாய்மரப் படகு ஓட்டியவராம். படகு எப்போதோ விறகாகிவிட்டது. அந்தப் பாய்மரம் மட்டும் இருக்கிறது; இப்போது திண்ணைக் கூரையைத் தாங்கும் தூண். கயிறு ஓடித் தேய்ந்த பள்ளம் அதில் இன்னும் விரலுக்குப் படுகிறது. கீழிருந்து முழம் போட்டு அளந்து குறித்துக்கொண்டேன். கூரைக்கு மேலே போன பகுதியை அறுத்துவிட்டார்களாம். எவ்வளவு அறுத்தார்கள் என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை.